அடி வாங்கிய வாத்தியார்

ரஷ்ய இலக்கியம் என்றதும் நம்மில் பலருக்குப் புஷ்கினிலிருந்துதான் கணக்கு தொடங்கும். மாஸ்கோவில் அச்சாகி, நியூ செஞ்சுரி கடைகளில் மலிவு விலைக்குக் கிடைத்த கெட்டி அட்டைப் புத்தகங்கள் அப்படித்தான் நம்மைப் பழக்கின. கோகல், துர்கேனிவ், டால்ஸ்டாய், தஸ்தயேவ்ஸ்கி, செகாவ் என்று மூச்சுவிடாமல் சொல்லிவிடுவோம். புஷ்கினுக்கு முன்னால் யார் என்று கேட்டால் கொஞ்சம் இழுப்போம்.

முன்னால் ஒரு வாத்தியார் இருந்தார். பெயர் வசீலி திரெதியாகோவ்ஸ்கி. ரஷ்யர்கள் இருநூற்றைம்பது வருடமாக அவரை வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அவருடைய செய்யுள்களைப் பார்த்தால் சிரிப்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. சொற்கள் முன்னும் பின்னும் புரண்டு கிடக்கும். எழுவாய் ஒரு மூலையில், பயனிலை இன்னொரு மூலையில். லத்தீன் படித்த மூளை ரஷ்யனில் எழுதினால் வருகிற வினை அது. ஆனால் அவரை மோசமான கவிஞர் என்ற கணக்கில் மட்டும் வைப்பது அநியாயம். அடிப்படையில் அவர் மொழி சொல்லிக்கொடுக்க வந்தவர். ரஷ்யர்களுக்கே ரஷ்யன் எழுதச் சொல்லிக்கொடுக்க வந்தவர். அந்த வேலை அவருக்கு முன் சரியாக யாரும் செய்யாத வேலை. கேலி செய்தவர்களில் பாதிப்பேர் அவரிடம் பாடம் எடுத்துக்கொண்டவர்கள்தான்.

1703ல் அஸ்த்ரகானில் பிறந்தார். வோல்கா நதி காஸ்பியன் கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்து ஊர் அது. பாரசீகர், ஆர்மீனியர், தாத்தாரியர், நம் ஊர் வணிகர்கள் என்று பல ஜனங்களும் புழங்கிய வியாபாரத் தலம். அப்பா ஆர்த்தடாக்ஸ் திருச்சபைப் பாதிரியார். பையனோ ஊரில் இருந்த கத்தோலிக்கக் கப்புசின் துறவிகளிடம் போய் லத்தீன் கற்றுக்கொண்டான். 1722ல் மகா பீட்டர் அஸ்த்ரகான் வந்தபோது இவன் நெற்றி முடியை விலக்கிப் பார்த்து, "ஓயாத உழைப்பாளி, ஆனால் கைதேர்ந்தவன் ஆகமாட்டான்" என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. பிற்காலத்தில் யாரோ வேண்டுமென்றே கட்டிய கதை மாதிரிதான் இருக்கிறது. ஒரு மனிதன் தோற்றுப் போனபிறகு அவன் தோற்பான் என்று ராஜாவே அன்றைக்கே சொன்னார் என்று எழுதுவது எல்லா ஊரிலும் நடப்பதுதானே.

மறு வருடம் பையன் ஊரை விட்டுக் கிளம்பிவிட்டான். மாஸ்கோவில் ஸ்லாவிய கிரேக்க லத்தீன் அகாதெமியில் சேர்ந்தான். அதுவும் போதவில்லை. 1726 வாக்கில் ஹாலந்து போய், ஹேக் நகரத்தில் ரஷ்யத் தூதர் வீட்டில் தங்கிப் பிரெஞ்சு படித்தான். அடுத்து பாரிஸ். கையில் காசில்லை. ஆன்ட்வெர்ப்பிலிருந்து பாரிஸ் வரைக்கும் நடந்தே போனான். ஏறக்குறைய முந்நூற்றைம்பது கிலோமீட்டர். "மிகுந்த ஏழ்மையின் காரணமாக நடந்து" என்று பிற்காலத்தில் ஒரு விண்ணப்பத்தில் அவரே எழுதியிருக்கிறார். பாரிஸில் இளவரசர் குராகின் வீட்டில் இடம் கிடைத்தது. சொர்போனில் பாடம் கேட்டார். தொலைதூர தேசங்களுக்கு அப்பால் இருந்து ரஷ்யாவைப் பார்த்து, புல்லாங்குழலில் சோக வரிகளைத் தொடங்குகிறேன் என்று ஒரு பாட்டு எழுதினார். அவர் செய்யுளில் எனக்குப் பிடித்தவற்றில் அது ஒன்று. அதில் மட்டும் சொற்கள் புரளாமல் வரிசையில் நிற்கின்றன. ஊர் நினைப்பு வந்தவனுக்கு லத்தீன் மறந்துபோயிருக்கும்.

1730ல் திரும்பி வந்தார். வந்த வருடமே ஒரு புத்தகம் போட்டார். பால் தல்மான் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய, காதல் தீவுக்குப் பயணம் போகிற கதையின் மொழிபெயர்ப்பு. இன்றைக்குப் படித்தால் கொட்டாவி வரும். அன்றைக்கு அது வெடி. ரஷ்யனில் அச்சேறியவை அதுவரை பெரும்பாலும் மத நூல்கள், அரசாணைகள், பீட்டர் காலத்துப் பாடப்புத்தகங்கள். ஆணும் பெண்ணும் காதலிக்கிற கதை புத்தகமாக வருவதே புதுசு.

அதைவிடப் பெரிய வெடி முன்னுரையில் இருந்தது. எழுதுவதென்றால் சர்ச் ஸ்லாவியம் என்கிற பழைய வழிபாட்டு மொழியைக் கலந்து எழுத வேண்டும் என்பதுதான் அன்றைய வழக்கம். நான் அப்படிச் செய்யவில்லை, நாம் ஒருவரோடு ஒருவர் பேசுகிற எளிய ரஷ்யச் சொல்லில் மொழிபெயர்த்திருக்கிறேன் என்கிறார் அவர். காரணமும் சொல்கிறார். இது உலகியல் புத்தகம். ஸ்லாவியம் இப்போது பலருக்கு விளங்குவதில்லை. மூன்றாவது காரணம்தான் அருமை: அந்த மொழி இப்போது என் காதுக்குக் கரடுமுரடாக இருக்கிறது, முன்னாலெல்லாம் நானே அதில் எழுதினேன், எல்லாரிடமும் பேசவும் செய்தேன், அப்படி முட்டாள்தனமாக ஸ்லாவியம் பேசிக் காட்டியதற்காக அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்! மேடைத்தமிழுக்கும் பேச்சுத்தமிழுக்கும் நடுவில் வளர்ந்த நமக்கு இந்த இடத்தில் புன்னகைக்காமல் இருக்க முடியாது. பழமைவாதிகளுக்குப் புன்னகை வரவில்லை. ரஷ்ய வாலிபர்களைக் கெடுக்க வந்த முதல் ஆள் என்று தன்னைத் திட்டுவதாக 1731ல் பிரெஞ்சில் எழுதிய ஒரு கடிதத்தில் சொல்கிறார். வருத்தத்தோடு சொல்வதாகத் தெரியவில்லை. 28 வயது, கொஞ்சம் குஷியாகவே இருந்திருப்பார்.

1733ல் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் அகாதெமியில் செயலாளர் வேலை கிடைத்தது, வருடத்துக்கு 360 ரூபிள். அந்த அகாதெமி அன்றைக்கு ஏறக்குறைய ஜெர்மானியர்களின் கோட்டை. லத்தீனும் ஜெர்மனும்தான் அங்கே ஓடின. இவருக்குக் கொடுத்த வேலைப் பட்டியலைப் பாருங்கள்: ரஷ்ய மொழியைச் செய்யுளிலும் உரைநடையிலும் துலக்க வேண்டும், இலக்கணம் எழுதி முடிக்க வேண்டும், அகராதி வேலையில் சேர வேண்டும், கொடுத்ததையெல்லாம் பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்க்க வேண்டும். ஒரு தேசத்தின் மொழித்துறை மொத்தத்தையும் ஒற்றை ஆளின் மேசைமேல் வைத்துவிட்டுப் போன மாதிரி.

அவர் பட்டியலையும் தாண்டினார். 1735ல் ரஷ்யச் செய்யுள் இயற்றும் முறை பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். ரஷ்யக் கவிதையின் போக்கையே மாற்றிய நூல் அது. நாம் யாப்பு தெரிந்த ஜனம் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

அதுவரை ரஷ்யப் பாட்டுக்காரர்கள் போலந்திலிருந்து கீவ் வழியாக வந்த முறையில் எழுதினார்கள். அடிக்கு இத்தனை அசை என்று எண்ணுவார்கள், அவ்வளவுதான். பதின்மூன்று அசை, ஏழாவதில் ஒரு நிறுத்தம், கடைசியில் இயைபு. போலிஷ் மொழிக்கு இது பொருந்தும், ஏனென்றால் அங்கே அழுத்தம் பெரும்பாலும் சொல்லின் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். எண்ணிக்கை சரியாக இருந்தால் தாளம் ஓரளவு தானாகவே வந்துவிடும். ரஷ்யனில் அழுத்தம் எங்கே வேண்டுமானாலும் விழும், ஒரே சொல்லின் வேற்றுமை மாறினாலே இடம் மாறும். அதனால் எண்ணிக்கை சரியாக இருந்தும் ஓசை வராது. கட்டளைக் கலித்துறையில் நாம் எழுத்தெண்ணிப் பாடுகிறோம்: நேரசையில் தொடங்கினால் பதினாறு, நிரையசையில் தொடங்கினால் பதினேழு. அதில் தளையைத் தூக்கிவிட்டு எழுத்தை மட்டும் எண்ணி ஒருவர் எழுதினால் எப்படி இருக்கும்? படிக்கும்போதே பல் கூசும். அன்றைய ரஷ்யச் செய்யுள் அப்படித்தான் இருந்தது.

திரெதியாகோவ்ஸ்கி சொன்னது இதுதான்: எண்ணினால் மட்டும் போதாது, அழுத்தம் விழும் அசையும் விழாத அசையும் ஒழுங்காக மாறி மாறி வர வேண்டும், அப்படிச் சேர்ந்த சீரே செய்யுளுக்கு அடிப்படை. இந்த யோசனைக்குத் தன்னைக் கொண்டுவந்து சேர்த்தது சாதாரண ஜனங்களின் நாட்டுப்பாடல்தான் என்றும் எழுதியிருக்கிறார். அந்தப் பாட்டுகளில் நேர்த்தி இல்லாவிட்டாலும் அவற்றின் தாளம் விழுகிற விதம் காதுக்கு இனிமை என்கிறார். பாரிஸ் போய் வந்து, அரண்மனை வாசலில் நிற்கிற மனிதர் இதை அச்சில் ஒப்புக்கொண்டது சின்ன விஷயமில்லை.

ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டார். நீண்ட அடிகளுக்கு மட்டும்தான் இந்த விதி, அழுத்தம் முதலில் வரும் சீர்தான் சிறந்தது, இயைபு ஒரே வகைதான் இருக்க வேண்டும் என்று வேலி போட்டார். வேலியை உடைத்தவர் மிகயீல் லமனோசவ். மீனவர் மகன், அப்போது மாணவர். அந்த நூலின் பிரதி ஒன்றை வாங்கி ஜெர்மனிக்குக் கொண்டுபோனார். ஓரங்களெல்லாம் நக்கலாகக் குறிப்பு எழுதினார். 1739ல் எல்லா அடிக்கும் எல்லாச் சீருக்கும் விதி பொருந்தும் என்று ஒரு கடிதமும், துருக்கியரிடமிருந்து ஹோத்தின் கோட்டையைப் பிடித்தது பற்றிய நீண்ட பாடலும் எழுதி அகாதெமிக்கு அனுப்பினார். பாடல் அபாரம். இடி மாதிரி இறங்குகிற வரிகள். ரஷ்யப் பாடநூல்களில் புதுக் கவிதை அங்கேதான் பிறக்கிறது.

திரெதியாகோவ்ஸ்கி பதில் எழுதினார். அகாதெமி மூலமாக அனுப்பச் சொல்லிக் கொடுத்தார். அகாதெமியில் இருந்த அதாதூரவும் ஷ்டெலினும் படித்துவிட்டு, இது பண்டிதச் சண்டை, தபால் செலவு வீண் என்று சொல்லி அனுப்பாமல் வைத்துவிட்டார்கள். ரஷ்ய யாப்பின் மிக முக்கியமான விவாதத்தில் ஒரு தரப்பு தபால் செலவு மிச்சம் பிடித்ததில் தொலைந்துபோயிற்று.

அந்தப் பதில் 1740 பிப்ரவரியில் நடந்த சமாச்சாரம். அதே மாதத்தில்தான் அவர் முதுகில் நூறு அடிக்கு மேல் விழுந்தது.

அந்தக் குளிர்காலம் பேரரசி ஆன்னாவுக்கு ஒரு விளையாட்டு ஆசை. உறைந்த நெவா நதிப் பக்கம் பனிக்கட்டியை அறுத்து அடுக்கி ஒரு மாளிகை கட்டினார்கள். கதவு, கட்டில், தலையணை, பீரங்கி எல்லாம் பனிக்கட்டி. வாசலில் பனிக்கட்டி யானை ஒன்று. பகலில் தும்பிக்கையால் தண்ணீர் பீய்ச்சும், இரவில் எரிகிற எண்ணெய். அரண்மனைக் கோமாளியாக்கப்பட்ட கோலித்சின் என்ற வயதான இளவரசருக்கும், கல்மிக் இனத்துப் பணிப்பெண் ஒருத்திக்கும் கல்யாணம் செய்துவைத்து, முதலிரவுக்கு அந்த மாளிகையில் அடைப்பதுதான் திட்டம். ஏற்பாட்டுப் பொறுப்பு அமைச்சர் அர்த்தேமி வலீன்ஸ்கியிடம் இருந்தது.

பிப்ரவரி 4 மாலை ஒரு ராணுவப் பள்ளி மாணவன் திரெதியாகோவ்ஸ்கி வீட்டுக்கு வந்து, அமைச்சரவைக்கு உங்களைக் கூப்பிடுகிறார்கள் என்றான். அந்த ஆட்சியில் இப்படிக் கூப்பிட்டுப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்ததில்லை. நடுங்கிக்கொண்டு சறுக்குவண்டியில் ஏறினார். வண்டி போய் நின்றது யானைக்கொட்டடியில். பாரசீகத்திலிருந்து வந்த நிஜ யானைகளைக் கட்டியிருந்த இடம். கல்யாண ஒத்திகை அங்கேதான். இப்படிப் பயமுறுத்திக் கூட்டிவந்தானே என்று அவர் வலீன்ஸ்கியிடம் முறையிட வாயெடுத்தார். வலீன்ஸ்கி பேச விடவில்லை. இரண்டு கன்னத்திலும் அறை. வலது காது அடைத்துக்கொண்டது, இடது கண் வீங்கியது. அப்புறம் அந்த மாணவனிடமும் இவரை அடிக்கச் சொன்னார். அடி முடிந்ததும் சொன்ன வேலை: கோமாளிக் கல்யாணத்துக்கு ஒரு பாட்டு எழுது.

வீட்டுக்குப் போய் ராத்திரியோடு ராத்திரியாகப் பாட்டை எழுதினார். எனக்கு இந்த இடம்தான் தொண்டையில் நிற்கிறது. காலையில் பேரரசியின் வலது கையான பிரோன் பிரபுவிடம் புகார் சொல்லப் போனார். முன்கூடத்தில் காத்திருந்தபோது வலீன்ஸ்கி பார்த்துவிட்டார். அங்கேயே அடி, வெளியே தள்ளல், காவலில் வைப்பு. சட்டையைக் கழற்றித் தரையில் கிடத்திப் பிரம்பால் எழுபது. எழுப்பி ஏதோ கேட்டுவிட்டு மறுபடி முப்பது. அன்றிரவு காவலில் இருந்தபடியே பாட்டை மனப்பாடம் செய்தார். மறுநாள் முகமூடியும் வேஷமும் போட்டுக் கூட்டிக்கொண்டுபோய், ஊரே சிரிக்க, முட்டாள் மாப்பிள்ளைக்கும் முட்டாள் பெண்ணுக்கும் வாழ்த்துப் படிக்க வைத்தார்கள். அதற்கு அடுத்த நாள் விடுதலை செய்வதற்கு முன்னால் இன்னும் பத்து அடி.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், 10ஆம் தேதியே அகாதெமிக்கு அவர் எழுதிய முறையீடு இருக்கிறது. தேதி, இடம், யார் முன்னிலையில், எத்தனை அடி என்று எல்லாம் வரிசையாக. இலக்கணம் எழுதுகிறவரின் ஒழுங்கு அதிலும் இருக்கிறது.

வலீன்ஸ்கி அந்த ஜூன் மாதமே தலை போய்ச் செத்தார். இவரை அடித்ததற்காக அல்ல, பிரோனை எதிர்த்து அரசியல் செய்ததற்காக. ஆனால் பிரோன் வீட்டுக்குள்ளேயே கைநீட்டியது குற்றப்பட்டியலில் ஏறியது. செத்தவர் சொத்திலிருந்து திரெதியாகோவ்ஸ்கிக்கு 360 ரூபிள் நஷ்டஈடு கிடைத்தது. சரியாக ஒரு வருடச் சம்பளம்.

1744ல் இவரும் லமனோசவும் சுமாரகோவ் என்ற இன்னொரு கவிஞரும் ஒரு பந்தயம் வைத்தார்கள். மூவரும் பைபிளின் 143ஆம் சங்கீதத்தைச் செய்யுளாக்குவது. எது யாருடையது என்று சொல்லாமல் அச்சிடுவது. வாசகர்கள் தீர்ப்புச் சொல்வது. அழுத்தம் பின்னால் வரும் சீர் இயல்பிலேயே கம்பீரமானது, முன்னால் வருவது இயல்பிலேயே மென்மையானது என்பது மற்ற இருவரின் கட்சி. சீருக்கென்று தனிக் குணம் கிடையாது, சொல்லைப் பொறுத்துத்தான் கம்பீரமும் மென்மையும் என்பது இவர் கட்சி. பாட்டில் லமனோசவ் ஜெயித்தார், வாதத்தில் இவர்தான் சரி என்பது என் கருத்து.

மறு வருடம் சொல்வன்மைப் பேராசிரியர் ஆனார். அகாதெமி முதலில் மறுத்தது. இவர் விடாமல் திருச்சபையின் தலைமை மன்றத்தில் தகுதிச் சான்று வாங்கி, செனட் வரைக்கும் போய் வாங்கிக்கொண்டார். அகாதெமியில் பேராசிரியரான முதல் ரஷ்யர்கள் இவரும் லமனோசவும்தான், ஒரே சமயத்தில். 1747ல் வீடு தீப்பிடித்து நூலகமும் கையெழுத்துப் பிரதிகளும் போயின. அதில் ரொலான் எழுதிய பண்டைய வரலாற்றின் மொழிபெயர்ப்பும் போனது. மறுபடி முதலிலிருந்து உட்கார்ந்து மொழிபெயர்த்தார். அது பத்து தொகுதி, பிறகு ரோமானிய வரலாறு பதினாறு, அதற்குத் தொடர்ச்சியாக நான்கு. மொத்தம் முப்பது. கிரேக்கமும் ரோமும் ஒரு தலைமுறை ரஷ்யர்களுக்கு இந்த முப்பது தொகுதிகள் வழியாகத்தான் தெரியவந்தன.

1748ல் எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். ஒரு வெளிநாட்டுக்காரரும் ரஷ்யரும் பேசிக்கொள்வதாக உரையாடல் வடிவம். வெளிநாட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருப்பார், ரஷ்யர் சலிக்காமல் விளக்குவார். எப்படிப் பேசுகிறோமோ அப்படியே எழுத வேண்டும், ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்து எதற்கு என்பது சாரம். அகாதெமி காசு தராததால் நன்கொடை திரட்டி அச்சிட்டார். அவர் எழுதியவற்றில் அவர் குணம் முழுசாகத் தெரிவது இதில்தான்: எதையும் சும்மா விடமாட்டார், எல்லாவற்றுக்கும் காரணம் சொல்வார், காரணத்துக்கும் காரணம் சொல்வார். இப்படிப்பட்ட வாத்தியாரிடம் படிப்பது நல்லது. பக்கத்து வீட்டில் குடியிருப்பது கஷ்டம்.

1750ல் சுமாரகோவ் ஒரு கோமாளிப் பண்டிதனை வைத்து நாடகம் எழுதி இவரை மேடையில் நிறுத்தினார். இவரும் சாது இல்லை. 1755ல் சுமாரகோவின் பாட்டொன்று மதத்துக்கு விரோதம் என்று திருச்சபை மன்றத்துக்குப் புகார் எழுதினார். பேச்சுமொழியில் எழுதியதற்காக ஒருகாலத்தில் மதவாதிகளிடம் திட்டு வாங்கியவர் செய்கிற காரியமா இது? அவர்மேல் எவ்வளவு பரிவு இருந்தாலும் இதை நியாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் அகாதெமியின் மாத இதழிலும் இவர் எழுத்துக்கு இடமில்லாமல் போயிற்று. வசந்தம் பற்றிய ஒரு பாடலை வேறு பெயரில் கொடுத்துப் பார்த்தார். பாராட்டி அச்சிட்டார்கள்! 1757ல் அகாதெமிக்கு ஏன் வருவதில்லை என்று விளக்கம் கேட்டபோது இதையும் சொல்லி இப்படி எழுதினார்: "ஆளாக வெறுக்கப்பட்டு, சொல்லில் இகழப்பட்டு, செயலில் அழிக்கப்பட்டு, கலையில் பழிக்கப்பட்டு, அங்கதக் கொம்புகளால் குத்தப்பட்டு, பூதமாகச் சித்திரிக்கப்பட்டு" தன் பலமெல்லாம் போய்விட்டது என்று. 1759ல் வேலையை விட்டு நீக்கினார்கள். அதன்பின் வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தும் மொழிபெயர்த்தும் பிழைத்தார்.

1766ல் கடைசிப் பெரிய முயற்சி. பெனலோன் பிரெஞ்சு உரைநடையில் எழுதிய தெலெமாக் கதையை, ஹோமரின் அறுசீர் அடியை ரஷ்யனுக்குக் கொண்டுவந்து, இயைபே இல்லாத காவியமாக்கினார். பேரரசி காதரீனின் ஹெர்மிதாஜ் மாளிகை விருந்துகளில் விதியை மீறினால் தண்டனை: ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர் குடித்து, இந்தக் காவியத்தில் கொஞ்சம் படிக்க வேண்டும். பெரிய குற்றமென்றால் ஆறு வரி மனப்பாடம். காதரீன் ஜெர்மன்காரி, அவருக்கு ரஷ்யன் சொல்லிக்கொடுத்தவர் அதாதூரவ், தபால் செலவு மிச்சம் பிடித்த அதே ஆள். 1768ல் திரெதியாகோவ்ஸ்கி செத்தார்.

1790ல் ரதீஷ்செவ் என்ற எழுத்தாளர், பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து மாஸ்கோ போகிற பயணமாக, பண்ணையடிமை முறையைக் கிழித்து ஒரு நூல் வெளியிட்டார். படித்த காதரீன், இவன் விவசாயிகள் கலகத்தை நடத்திய புகச்சோவைவிட மோசமான கலகக்காரன் என்று சொல்லி, மரண தண்டனையைக் குறைத்து சைபீரியாவுக்கு அனுப்பினார். அந்த நூலின் முகப்பில் இருக்கும் வரி, பருத்த, கொடிய, நூறு வாயால் குரைக்கிற பூதத்தைப் பற்றியது, அந்தக் காவியத்திலிருந்து கொஞ்சம் மாற்றி எடுத்தது. விருந்தாளிகளுக்குத் தண்டனையாகக் கொடுத்தாரே, அதே காவியம்தான்.

1829ல் க்னேதிச் என்ற கவிஞர் ஹோமரின் இலியட்டை முழுவதும் அதே அறுசீர் அடியில் ரஷ்யனாக்கினார். இன்றும் ரஷ்யர்கள் படிப்பது அதைத்தான். 1835ல் லஷேச்னிக்கவ் அந்தப் பனிமாளிகைக் கதையை நாவலாக்கி, வலீன்ஸ்கியை வீரராகவும் இவரைக் கோமாளியாகவும் காட்டியபோது, புஷ்கின் அவருக்குக் கடிதம் எழுதிச் சண்டை போட்டார். நம் மரியாதைக்கும் நன்றிக்கும் உரிய மனிதரை அவமதிக்கிறீர்கள், அந்த விவகாரத்தில் அவர் தியாகி, அகாதெமிக்கு அவர் எழுதிய முறையீடு உருக்கமானது என்று. திரெதியாகோவ்ஸ்கி செய்யுளாக்கிய சங்கீதப் புத்தகம் முழுசாக அச்சானது 1989ல், அதுவும் ஜெர்மனியில்.

ரஷ்யன் தெரிந்த நண்பர்கள் யாராவது அவரைப் படிக்க நினைத்தால், காவியத்தில் தொடங்க வேண்டாம். அந்த 1740 முறையீட்டில் தொடங்குங்கள். அடுத்து 1730 முன்னுரை. காவியம் பிறகு, அதையும் கண்ணால் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள். அவர் அதைக் காதுக்குத்தான் எழுதினார்.